இச்சிரோவை வைத்து ஒரு அவுட்ஃபீல்டரின் கணக்கைப் படிப்பது எப்படி

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் பேஸ்பால் பக்கம் எட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். பிட்சர் வீசுகிறார், பேட்டர் அடிக்கிறார், அடித்துவிட்டு ஓடுகிறார், அதெல்லாம் ரெண்டு ஆட்டம் பார்த்தால் பிடிபட்டுவிடும். அப்புறம் யாராவது ஒரு பெரிய ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வார்கள், அவருடைய கணக்குப் பக்கத்தைத் திறந்தால் முப்பது நெடுவரிசை, எல்லாம் சுருக்கெழுத்து, கீழே இருபது வருஷத்து எண்கள். நான் முதல்முறை அப்படி ஒரு பக்கத்தைத் திறந்தபோது ஹோம்ரன் (பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி) எங்கே என்று மட்டும் தேடினேன், 117 என்று இருந்தது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மூடிவிட்டேன். அது இச்சிரோ சுசூகியின் பக்கம்.

மூடியது என் தப்பு. ஒரு அவுட்ஃபீல்டரின் பக்கத்தைப் படிக்க ஒரு வரிசை இருக்கிறது, ஹோம்ரனில் ஆரம்பித்தால் வழி தவறிவிடும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன், இச்சிரோவையே உதாரணமாக வைத்து. ஏன் அவர் என்றால், இந்தத் தொழிலில் ஒருவருக்கு என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் அவர் ஒருவருக்கே நடந்திருக்கிறது: ஜப்பானில் இரண்டாம் அணியில் போட்டுவைத்தார்கள், ஏலத்தில் அமெரிக்கா போனார், பத்து வருஷம் உச்சியில் நின்றார், வயதானது, வேறு அணிக்கு மாற்றினார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார், 45 வயதில் விடைபெற்றார், 2025-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பெரிய ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலுக்குள் போனார். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சாயங்காலம் போதும். நோட்டு எதற்கு என்று இரண்டாவது படியில் தெரியும்.

படி 1: ஆள் எங்கே நிற்கிறார்?

பேஸ்பால் மைதானத்தை விரித்த விசிறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இருக்கும் இடத்தில் பேட்டர். அவருக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமும் 90 அடி உள்ள ஒரு சதுரம், அதன் மூலைகள்தான் பேஸ்கள், அவற்றைச் சுற்றி ஓடி முடித்தால் ஒரு ரன். அந்தச் சதுரத்தையும் அதை ஒட்டிய இடத்தையும் காக்க ஒரு கூட்டமே இருக்கிறது. அதற்கு அப்பால், விசிறியின் அகலமான பாகம் முழுவதற்கும் மூன்றே பேர். அவர்கள்தான் அவுட்ஃபீல்டர்கள். பேட்டர் பக்கமிருந்து பார்த்தால் இடது, நடு, வலது. கணக்கு எழுதுகிறவர்கள் இவர்களுக்கு 7, 8, 9 என்று எண் போடுவார்கள், அது சட்டை எண் இல்லை, நிற்கும் இடத்தின் எண்.

மூன்றும் ஒரே வேலை போலத் தெரியும், இல்லை. நடுவில் நிற்பவருக்குக் கால் வேகம் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் அவர் ஓடியாக வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழப்போகிறது என்றால் 'எனக்கு' என்று கத்தும் உரிமையும் அவருக்குத்தான், அவர் கத்திவிட்டால் மற்றவர் ஒதுங்க வேண்டும், ஒதுங்காவிட்டால் முட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இடதுபக்கம் நிற்பவருக்கு மூன்றாவது பேஸ் பக்கத்திலேயே இருப்பதால் வீச்சு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம். ஆனால் பாஸ்டனில் ஃபென்வே பார்க் மாதிரி இடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 37 அடி உயரத்தில் ஒரு பச்சைச் சுவர் நிற்கும், பந்து அதில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். கிரிக்கெட்டில் பவுண்டரி தூரம் ஊருக்கு ஊர் மாறுவது போலத்தான், இங்கே சுவரின் உயரமும் சேர்ந்து மாறும்.

வலதுபக்கம், அதாவது ரைட் ஃபீல்டு, இச்சிரோவின் இடம். இதற்குக் கை வேண்டும். முதல் பேஸில் நிற்கும் ரன்னர், வலதுபக்கம் ஒரு ஹிட் (யாரும் பிடிக்காமல் விழுந்து பேட்டரைப் பேஸில் சேர்க்கும் அடி) விழுந்ததும் இரண்டாவதோடு நிற்காமல் மூன்றாவதுக்கே ஓடப் பார்ப்பார். மூன்றாவது பேஸ் ரைட் ஃபீல்டரிடமிருந்துதான் மிகத் தூரம். அங்கே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்து ஒரு உயரமான கேட்ச் கொடுத்தாலே ரன், ஏனென்றால் கேட்ச் பிடித்த பிறகு ரன்னர் பேஸைத் தொட்டுவிட்டு ஓடலாம் என்பது விதி. அதனால் மூன்றாவது பேஸுக்குப் போகும் பாதையை அடைப்பதுதான் ரைட் ஃபீல்டரின் பாதிச் சம்பளம்.

இன்னொன்று. கையில் கிளவ் இருக்கிறதே, கேட்ச் பிடிப்பது என்ன பெரிய விஷயம் என்று கிரிக்கெட் ரசிகர் கேட்பார். நானும் கேட்டேன். வித்தியாசம் பிடிப்பதில் இல்லை, முதல் அடியில் இருக்கிறது. பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்டதும் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் விஷயம். நேராகத் தன்னை நோக்கி வரும் பந்துதான் இதில் மோசமானது, தலைக்கு மேலே போகுமா முன்னாலேயே விழுமா என்று சட்டென்று தெரியாது. பின்னால் ஓடும்போது சுவரைப் பார்க்க முடியாது என்பதால் சுவருக்கு முன்னால் சில அடி அகலத்துக்குப் புல் இல்லாமல் மண் போட்டு வைத்திருப்பார்கள், காலடியில் தரை மாறினால் சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 2: எண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வீச்சைப் பாருங்கள்

2001 ஏப்ரல் 11. யூடியூபில் இச்சிரோ, தி த்ரோ என்று தேடினால் கிடைக்கும், அப்படித்தான் அங்கே அதற்குப் பெயர். அவர் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக ஆட ஆரம்பித்து இரண்டாவது வாரம். ஓக்லண்டில் ஆட்டம், 8-ஆவது இன்னிங்ஸ், முதல் பேஸில் எதிரணியின் டெரன்ஸ் லாங். ரமோன் ஹெர்னாண்டஸ் ரைட் ஃபீல்டுக்கு ஒரு ஹிட் அடிக்கிறார். லாங் இரண்டாவது பேஸைச் சுற்றி மூன்றாவதை நோக்கி ஓடுகிறார், யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. இச்சிரோ முன்னால் ஓடிவந்து பந்தை எடுக்கிறார், ஒரு துள்ளல், வீச்சு. பந்து வானத்துக்கு ஏறி இறங்கவில்லை, தரையில் குத்தவும் இல்லை, கயிறு கட்டி இழுத்தது போல நேராகப் போகிறது. மூன்றாவது பேஸில் டேவிட் பெல் கிளவ்வோடு நிற்கிறார், அவர் பந்தைத் தேடி நகரவே வேண்டியிருக்கவில்லை. லாங் சறுக்கி வரும்போது கிளவ் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. அவுட்.

இதை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை பந்தை. இரண்டாவது தடவை இச்சிரோவின் காலை, குறிப்பாக அந்தத் துள்ளலை, ஓடிவந்த வேகம் முழுவதையும் தோளுக்கு மாற்றுவது அதுதான். மூன்றாவது தடவை லாங்கை மட்டும்.

இப்போது கணக்குப் பக்கத்தில் பீல்டிங் பகுதிக்குப் போனால் அசிஸ்ட் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், இப்படி வீசி ஆளை அவுட் ஆக்க உதவிய தடவைகள். அதிக அசிஸ்ட் என்றால் நல்ல கை, குறைந்த அசிஸ்ட் என்றால் சுமாரான கை என்று படிக்கத் தோன்றும். அப்படிப் படிக்காதீர்கள். ஓக்லண்டில் நடந்ததை மறுநாள் மற்ற அணிகள் எல்லாம் பார்த்திருக்கும், அதற்கப்புறம் இச்சிரோ கையில் பந்து இருக்கும்போது மூன்றாவதுக்குத் திரும்ப யாருக்கு மனசு வரும்? டீப்பில் ஜடேஜா கையில் பந்து போனதும் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பிய பேட்ஸ்மேன் பாதியில் பிரேக் போட்டுத் திரும்புவாரே, அதே கதைதான். ஓடாதவரை அவுட் ஆக்க முடியாது, அவுட் ஆக்காவிட்டால் அசிஸ்ட் கிடையாது. ஒரு அவுட்ஃபீல்டரின் கை ரொம்ப நல்லதாகிவிட்டால் அவருடைய எண் குறையவும் கூடும்.

அதற்குத்தான் நோட்டு. நான் ஆட்டம் பார்க்கும்போது ஒரு பக்கத்தில் கோடு போட்டு 'ஓடாதவர்கள்' என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். எந்த அவுட்ஃபீல்டரைப் பார்த்து எந்த ரன்னர் நின்றார் என்று ஒரு கோடு போடுவேன். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் நான் பேஸ்பால் கற்றுக்கொண்டது அந்தப் பக்கத்தில்தான்.

படி 3: பேட்டிங்கில் மூன்று எண்கள் மட்டும்

மற்ற நெடுவரிசைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இச்சிரோவின் மொத்தக் கணக்கு .311, .355, .402 என்று மூன்று எண்களாக இருக்கும்.

முதலாவது சராசரி. கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது அடிக்கப்போன தடவைகளில் எத்தனை தடவை ஹிட் என்பது மட்டும். 9,934 தடவையில் 3,089 ஹிட், வகுத்தால் .311. பத்துக்கு மூன்று தடவை ஜெயித்தால் இங்கே பெரிய ஆள், ஏழு தடவை தோற்பது தினசரி வேலை. இரண்டாவது, எப்படியாவது பேஸுக்குப் போன விகிதம். பிட்சர் நான்கு பந்தைத் தப்பான இடத்தில் போட்டால் பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அதையும் பந்து உடம்பில் பட்டுப் போனதையும் சேர்த்துக்கொள்ளும் எண் இது. மூன்றாவது அடியின் பலம். ஒரு பேஸ் கிடைத்த ஹிட்டுக்கு 1, இரண்டு பேஸுக்கு 2, ஹோம்ரனுக்கு 4 என்று கூட்டி வகுப்பது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆளின் குணமே தெரிந்துவிடும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி கம்மியா? அப்படியென்றால் சும்மா நடந்து போவது அவருக்குப் பிடிக்காது, அடித்துத்தான் போவார். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளி கம்மியா? பெரிய அடி கம்மி, ஒரு பேஸ் அடிதான் நிறைய. இச்சிரோவிடம் இரண்டும் கம்மி. 2004-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் 262 ஹிட், ஒரு சீசனில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அத்தனை அடித்ததில்லை, சராசரி .372. அந்த 262-ஐப் பிரித்தால் ஒரு பேஸ் 225, இரண்டு பேஸ் 24, மூன்று பேஸ் 5, ஹோம்ரன் 8.

இடதுகையால் அடிப்பார், வலதுகையால் வீசுவார். பிறவியில் வலதுகைக்காரர்தான், சின்ன வயதிலேயே அப்பா இடதுகையால் அடிக்கப் பழக்கினார். காரணம் எளிது, இடதுகை பேட்டர் நிற்கும் பக்கம் முதல் பேஸுக்கு ஓரிரண்டு அடி கிட்ட. அது போதாதென்று, பந்து பேட்டில் படும் நேரத்திலேயே இச்சிரோவின் உடம்பு முதல் பேஸ் பக்கம் சாய்ந்து கால் கிளம்பியிருக்கும். பந்தை எடுத்து முதல் பேஸுக்கு வீசுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார், அதனால் மற்றவர்களுக்கு அவுட் ஆகிற தரைப்பந்து அவருக்கு ஹிட்.

262-க்கு முன்னால் இருந்த சாதனை 257, ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் அடித்தது. 84 வருஷம் அசையாமல் இருந்தது. முறியடித்த அன்று சியாட்டில் அரங்கில் சிஸ்லரின் மகள் உட்கார்ந்திருந்தார், இச்சிரோ ஆட்டத்தை விட்டு அங்கே போய் கைகொடுத்துவிட்டு வந்தார். சிஸ்லர் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டம், இப்போது 162, அதனால் இது சமமில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதம் நியாயம்தான். அதைவிடப் பெரிய வாதம், ரைட் ஃபீல்டில் நிற்பவர் என்றால் ஹோம்ரன் அடித்துத் தள்ளுகிறவராக இருக்க வேண்டும், இவர் முதல் பேஸோடு நிற்கிறாரே என்பது. எனக்கு அது ஒத்துவரவில்லை. அவர் முதல் பேஸோடு நிற்கவே இல்லை, 509 தடவை அடுத்த பேஸைத் திருடியிருக்கிறார், அதாவது யாரும் அடிக்காமலே பிட்சர் வீசும் நேரத்தில் ஓடிப் பிடித்திருக்கிறார். அதற்குத் தனி நெடுவரிசை இருக்கிறது, மூன்று எண்களில் அது வராது, கையை எடுத்து அதை மட்டும் எட்டிப் பாருங்கள்.

படி 4: பக்கத்தின் மேல்வரிகள், அதாவது வருவதற்கு முன்னால்

அமெரிக்கக் கணக்கில் முதல் வரி 2001, வயது 27. அவுட்ஃபீல்டருக்கு 27 என்பது ஏற்கெனவே உச்சி வயது. அப்படியானால் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க வேண்டும், எந்த ஆட்டக்காரரைப் படித்தாலும் இந்தக் கேள்வி முக்கியம்.

அமெரிக்கப் பையன் என்றால் ஹைஸ்கூலிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ட்ராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) வழியாக ஒரு அணி அவனை எடுக்கும், அப்புறம் மேஜர் லீக் என்ற உச்சநிலைக்குக் கீழே இருக்கும் மைனர் லீக். அதில் ரூக்கி, லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மாடிப்படி. டொமினிக்கன் குடியரசு, வெனிசுலா பையன்கள் 16 வயதிலேயே கையெழுத்துப் போடலாம். பெரும்பாலானவர்கள் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ பஸ்ஸிலேயே காலத்தைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். 2023-இல் போட்ட ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏவில் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 35,800 டாலர். ஒரே ஒரு படி மேலே, மேஜர் லீக்கில், 2025-இல் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். அந்த ஒரு படியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

இச்சிரோ வந்தது ஜப்பான் வழி. 1991 ட்ராஃப்டில் ஓரிக்ஸ் புளூவேவ் அணி அவரை எடுத்தது நான்காவது சுற்றில், அதாவது பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. 1992-இல் முதல் அணியில் 40 ஆட்டம், 1993-இல் 43. காலை ஊசல் மாதிரி ஆட்டி அடிக்கும் பாணி அணியை நடத்திய அப்போதைய மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னார்கள், இவர் மாற்றவில்லை, இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே 1992-இல் லீக்கிலேயே முதல் சராசரி இவருடையது.

1994-இல் அகிரா ஓகி மேனேஜராக வந்தார். அடிக்கிற பாணியை அப்படியே விட்டுவிட்டு, பெயரை மட்டும் மாற்றினார். சுசூகி என்பது ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கிற குடும்பப் பெயர், கூட்டத்தில் தெரியாது, அதனால் சட்டையில் 'இச்சிரோ' என்று முதற்பெயரைப் போடச் சொன்னார். இவர் ஒருவருக்கு மட்டும் மாற்றினால் கூச்சப்படுவார் என்றோ என்னவோ, கசுஹிரோ சாத்தோ என்ற இன்னொருவரையும் 'பஞ்ச்' என்று பதிவு செய்தார்கள். அந்த வருஷம் 130 ஆட்டத்தில் 210 ஹிட், ஜப்பானில் 200-ஐத் தொட்ட முதல் ஆள். அதிலிருந்து 2000 வரை ஏழு வருஷமும் லீக்கின் முதல் சராசரி அவருக்குத்தான். நடுவில் 1995 ஜனவரியில் நிலநடுக்கத்தில் கோபே நகரம் இடிந்து கிடந்தது, ஓரிக்ஸின் ஊர் அது, அந்த வருஷமே அணி லீக்கை ஜெயித்தது, அடுத்த வருஷம் நாட்டின் இறுதிப் போட்டியான ஜப்பான் சீரிஸையும் ஜெயித்தது.

ஆகவே மேல்வரி காலியாக இருந்தால் ஏமாறாதீர்கள். அமெரிக்கப் பக்கத்தில் தெரியாத 1,278 ஹிட் அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 4,367.

படி 5: காசும் கைமாற்றமும்

பக்கத்தின் அடியில் டிரான்ஸாக்‌ஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. ஐபிஎல் ஏலம் மாதிரி வருஷாவருஷம் மாறுவது இல்லை இது. மேஜர் லீக்கில் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு வருஷ அனுபவம் என்று கணக்கு. முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த மூன்று வருஷம் நடுவர் வைத்துச் சம்பளம் பேசலாம், ஆறு வருஷம் முடிந்தால்தான் எந்த அணிக்கும் போகலாம். அதனால்தான் ஒரு நல்ல இளம் அவுட்ஃபீல்டரை சீசன் ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து மேலே கூப்பிடுவார்கள், 172-ஐத் தொடாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வருஷம் கூட வைத்துக்கொள்ளலாமே! 'ஆப்ஷன்' என்று எழுதியிருந்தால் மைனருக்கு இறக்கியிருக்கிறார்கள். 'டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்' என்று இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம், ஏழு நாளுக்குள் வேறு அணி எடுக்குமா, மைனருக்குப் போவாரா, வெளியேதானா என்று தெரிந்துவிடும்.

இச்சிரோவின் வரியில் முதலில் இருப்பது போஸ்டிங். ஜப்பான் அணியோடு ஒப்பந்தம் முடியாத ஆட்டக்காரரை அந்த அணியே சந்தையில் வைப்பது. அப்போது முறை மூடிய உறை ஏலம், யார் அதிகம் எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் பேசவே உரிமை. 2000 நவம்பரில் சியாட்டில் எழுதியது 1 கோடியே 31 லட்சத்து 25 ஆயிரம் டாலர், அது ஓரிக்ஸுக்குப் போனது, ஆட்டக்காரருக்கு அதில் ஒரு காசு கிடையாது. அவருக்கு மூன்று வருஷத்துக்கு சுமார் 1.4 கோடி டாலர் தனி. மரைனர்ஸின் பெரும்பங்கு அப்போது நிண்டெண்டோவின் ஹிரோஷி யமாவுச்சி கையில் இருந்தது, மனிதர் தன் அணியின் ஆட்டத்தை நேரில் வந்து பார்த்ததே இல்லை. அவர் வாங்கிக் கொடுத்தது மேஜர் லீக்கின் முதல் ஜப்பானிய பேட்டரை, அதுவரை போனவர்கள் எல்லாம் பிட்சர்கள்.

அமெரிக்காவில் முதல் வருஷமே, 2001-இல், 242 ஹிட், .350, 56 திருட்டு. அந்த வருஷம் அவருடைய லீக்கின் சிறந்த புதுமுகமும் மிக மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரரும் இவரே, அதற்கு முன்னால் இரண்டையும் ஒன்றாக வாங்கியவர் 1975-இல் ஃபிரெட் லின் மட்டும், அவரும் அவுட்ஃபீல்டர்தான். சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தது. இறுதிப் போட்டியான உலக சீரிஸுக்கு மட்டும் போகவில்லை, இச்சிரோ கடைசிவரை அதில் ஆடவே இல்லை.

படி 6: வயது நெடுவரிசையை விரலால் கீழே இழுங்கள்

இதை நிதானமாகச் செய்யுங்கள். இடது ஓரத்தில் வயது, அதன் பக்கத்தில் ஹிட். 27-இல் ஆரம்பித்து 36 வரை பத்து வரி, பத்திலும் 200-க்கு மேல். அப்புறம் 2011, வயது 37, 184 ஹிட், சராசரி .272. முதல் தடவையாக 200-க்குக் கீழே, .300-க்குக் கீழே. படிக்கும்போது அந்த வரியில் விரல் தானாக நிற்கும். அவுட்ஃபீல்டருக்கு முதலில் போவது கால். இவர் மாதிரி காலை வைத்தே ஹிட் எடுத்தவருக்கு அரை அடி குறைந்தாலும் தரைப்பந்து எல்லாம் அவுட்டாக மாறிவிடும்.

வழக்கமாக வயதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து முதல் பேஸுக்கோ வெறும் பேட்டிங்குக்கோ நகர்த்துவார்கள். இவர் 33 வயதில், 2007-இல், தலைகீழாக ரைட்டிலிருந்து நடுவுக்குப் போய் ஒரு முழு சீசன் ஆடினார் என்பது அவர் உடம்பைப் பேணிய விதத்துக்குச் சாட்சி. தன் கிளவ்வைத் தானே துடைத்து எண்ணெய் போடுவார், பேட்டுகளை ஈரம் ஏறாத பெட்டியில் வைத்திருப்பார், பீல்டில் நிற்கும்போதுகூட ஓவர் நடுவில் நம் ஆட்கள் செய்வது போலக் காலை நீட்டி மடக்கிக்கொண்டே இருப்பார்.

2012 ஜூலை 23. கைமாற்ற வரிகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். நியூயார்க் யாங்கீஸ் சியாட்டிலுக்கு ஆட வந்திருந்த அன்றே இவரை அந்த அணிக்கு மாற்றினார்கள். அதே அரங்கம், அதே சாயங்காலம், எதிரணி அறைக்குப் போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். சட்டை எண் பழைய 51 கிடையாது, 31. முதல் தடவை அடிக்க வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது, ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார், அப்புறம் ஒரு ஹிட் அடித்தார், அப்புறம் இரண்டாவது பேஸைத் திருடினார். அந்த ஊர்க்காரர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தவித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வரும் வரிகளை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். மயாமி மார்லின்ஸில் 2015 முதல் 2017 வரை அவர் நான்காவது அவுட்ஃபீல்டர். மூன்று பேர் நிற்கும் இடத்துக்கு நான்காவது ஆள் எதற்கு என்றால், ஒருவருக்குக் காயம், ஒருவருக்கு ஓய்வு, கடைசி இன்னிங்ஸில் பதிலியாக அடிக்க ஒருவர், அதற்கு. 2015-இல் சராசரி .229. ஆனாலும் 2016 ஆகஸ்ட் 7, டென்வரில், அமெரிக்காவில் 3,000-ஆவது ஹிட், அது மூன்று பேஸ் அடி, 42 வயதில் மூன்றாவது பேஸ்வரை ஓடியிருக்கிறார். 2017-இல் பதிலியாக இறங்கி மட்டும் 27 ஹிட், சாதனைக்கு ஒன்றே குறைவு. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு தடவை எழுந்து போய் அடிப்பது என்பது நட்சத்திரங்களுக்கு வராத வேலை. அவர் அதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டார்.

கடைசி வரி 2019. 2 ஆட்டம், 5-க்கு 0. எண்ணாகப் பார்த்தால் பரிதாபம். அந்த இரண்டு ஆட்டமும் டோக்கியோ டோமில் நடந்தவை, மார்ச் 21-ஆம் தேதி 8-ஆவது இன்னிங்ஸில் வழக்கம்போல ரைட் ஃபீல்டுக்கு நடந்து போனார், அங்கிருந்து திரும்ப அழைத்தார்கள், அரங்கம் முழுக்க நின்றது.

படி 7: கிளவ் எண்கள், சுருக்கமாக

பிழை என்ற நெடுவரிசையை நம்பாதீர்கள். பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவர் அதைத் தவறவிடவும் முடியாது. பீல்டிங்குக்குக் கொடுக்கும் கோல்டு கிளவ் விருது நல்ல அடையாளம், இச்சிரோவுக்கு 2001 முதல் 2010 வரை தொடர்ந்து பத்து. ஆனால் அதுவும் ஆட்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. 2015-க்குப் பிறகு எல்லா அரங்கத்திலும் கேமரா வைத்து, ஓட்ட வேகம் வினாடிக்கு எத்தனை அடி, வீச்சு மணிக்கு எத்தனை மைல், எந்த கேட்ச் எவ்வளவு கஷ்டம் என்று அளக்கிறார்கள். இப்போது ஆடுகிற அவுட்ஃபீல்டர் என்றால் அந்த எண்களைப் பாருங்கள். வினாடிக்கு 27 அடி சராசரி, 30 என்றால் பறக்கிறார். இச்சிரோவின் நல்ல காலத்துக்கு இந்த எண்கள் கிடையாது, பழைய வீடியோதான் கதி.

ஹால் ஆஃப் ஃபேம் பற்றி ஒரு வரி: ஓய்வுக்குப் பின் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், பேஸ்பால் எழுத்தாளர்களில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட வேண்டும். 2025-இல் இச்சிரோவுக்கு 394-க்கு 393. ஒருவர் போடவில்லை. யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 8: இனி உயிரோட்டமான ஒருவர்

படித்தது போதும், இப்போது ஆடுகிற ஒருவரைப் பிடியுங்கள். நான் சொல்வது ஹூலியோ ரோட்ரிகஸ், இச்சிரோவின் அதே சியாட்டிலில் நடுவில் நிற்கிறார், டொமினிக்கன் குடியரசிலிருந்து 16 வயதில் கையெழுத்துப் போட்டவர், 2022-இல் அவருடைய லீக்கின் சிறந்த புதுமுகம். சியாட்டிலில் இரவு ஆட்டம் 6:40 அல்லது 7:10-க்கு ஆரம்பிக்கும், நமக்கு மறுநாள் காலை 7:10 அல்லது 7:40. காபி நேரம். முதல் மூன்று இன்னிங்ஸ் பார்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பலாம்.

ஒரு சங்கடம், டிவி கேமரா பெரும்பாலும் பிட்சருக்குப் பின்னால் இருக்கும், அவுட்ஃபீல்டர் திரையிலேயே இருக்க மாட்டார். பந்து அடிபட்டுக் கேமரா திரும்பும்போது அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறாரா, இல்லை இப்போதுதான் கிளம்புகிறாரா என்று கவனியுங்கள், முதல் அடி எப்படி என்று அதிலேயே தெரியும். ஹிட் விழுந்துவிட்டால் பந்தை விட்டுவிட்டு மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் நிற்கும் கோச்சைப் பாருங்கள். அவர் கையைக் காற்றாடி மாதிரி சுற்றினால் ரன்னரை ஓடச் சொல்கிறார். ரன்னரையும், அவுட்ஃபீல்டரின் கையில் இருக்கும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினால் நில் என்று அர்த்தம். ரன்னர் பிரேக் போட்டு நிற்பார், பந்து சும்மா உள்ளே வந்து சேரும், வர்ணனையாளர் அடுத்த பேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார், அவுட்ஃபீல்டரின் கணக்கில் எதுவும் ஏறாது. நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.